புது ஹேண்டில்பார் வாங்கும் முன் பழையதை அளந்துவிடுங்கள்

பிஎம்எக்ஸ் சைக்கிளில் (குதித்தும் வித்தை செய்தும் ஓட்டும் 20 இன்ச் சக்கர சைக்கிள்) ஹேண்டில்பாரை மாற்றுவது அரை மணி நேர வேலை. எனக்கு அது மாதக்கணக்கில் இழுத்தது. இரண்டு ஹேண்டில்பார், அதைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம் ஒன்று, ஒரு பிரேக் கேபிள், அப்புறம் கழற்றும்போது கிழிந்த கிரிப்புகள் என்று செலவு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால், ஒரு நல்ல ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) இரண்டு டயரும் வாங்கியிருக்கக்கூடிய பணம் கரைந்துபோயிருந்தது. பணத்தைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். பன்னி ஹாப் (சைக்கிளோடு துள்ளி எழுவது), மேனுவல் (மிதிக்காமல் பின்சக்கரத்தில் மட்டும் ஓடுவது) என்று கைக்குப் பழகியிருந்ததெல்லாம் விட்டுப்போய், சைக்கிளைத் தொடவே மனம் வராமல் கிடந்த வாரங்கள்தான் இன்னும் உறுத்துகின்றன. என்னைச் சுற்றி பிஎம்எக்ஸ் ஓட்டுபவர் யாரும் கிடையாது. கேட்க ஆளில்லாமல் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை முழுசாக எழுதிவைக்கிறேன். அடுத்தவருக்காவது இந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

சைக்கிளோடு வந்த ஹேண்டில்பார் ஹை-டென் எனப்படும் சாதாரண ஸ்டீல். ஒரு திட்டிலிருந்து குதித்தபோது முன்சக்கரம் முதலில் இறங்கி, உடம்பின் எடை முழுக்க இடது கையில் வந்து விழுந்தது. எழுந்து ஓட்டிப் பார்த்தால் சக்கரம் நேராகப் போகிறது, இடது கை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. ஸ்டெம் திரும்பிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். போல்ட்டுகளைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்கினேன். அதே கதை. பிறகு பாரைத் தனியாகக் கழற்றி, நுனிகள் சுவரைப் பார்க்கும்படி சுவரோரமாக நிறுத்தினேன். வலது நுனி சுவரில் முட்டியது. இடது நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. உங்கள் சைக்கிளில் கைகள் கோணலாக இருப்பதாகத் தோன்றினால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். வளைந்த பாரைத் தட்டி நிமிர்த்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வளைந்த இடத்தில் குழாய் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும், திருப்பி வளைத்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஓடும்போது ஹேண்டில்பார் ஒடிந்தால் முகம்தான் தரையில் போய் விழும்.

சரி, புதிது வாங்க வேண்டும். இணையத்தில் தேடினால் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன: இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக் குழாய். நான் உயரமான ஆள். பழைய பாரில் குனிந்தே ஓட்டி முதுகு வலித்ததால், உயரமாக ஒன்று வேண்டும் என்பது மட்டும் மனதில் இருந்தது. 9.25 இன்ச் ரைஸ், அதாவது பாரின் உயரம், போட்டிருந்த ஒன்றைப் பிடித்தேன். விற்பனையாளர் பக்கத்தில் எல்லா ஸ்டெமுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். பெட்டி வந்தது, பிரித்தேன், பளபளவென்று இருந்தது. பழைய ஸ்டெமின் முன்தகட்டைக் கழற்றி, பாரை உட்கார வைத்து, தகட்டை வைத்தால் போல்ட்டுகள் மரையைத் தொடவே இல்லை. தகட்டுக்கும் ஸ்டெமுக்கும் நடுவே வாய் பிளந்த மாதிரி இடைவெளி. பாரின் நடுப்பகுதி குழாய் தடிமனானது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிஎம்எக்ஸில் ஸ்டெம் கவ்விப் பிடிக்கும் இடத்தின் விட்டம் பெரும்பாலும் 22.2 மில்லிமீட்டர். ஆனால் 25.4 மில்லிமீட்டர் பார்களும் நிறைய விற்கின்றன, ரேஸ் பக்கம் 31.8 கூட உண்டு. கிரிப் மாட்டும் நுனி எல்லாவற்றிலும் 22.2 என்பதால் படத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். சின்ன விட்டமுள்ள பாரைப் பெரிய ஸ்டெமில் வைக்க உள்வளையம் கிடைக்கும், அதையும் குதித்து ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பெரிய பாரைச் சின்ன ஸ்டெமில் வைக்க வழியே இல்லை. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஸ்டெம் விவரத்தில் 28.6 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது ஃபோர்க்கின் குழாய்க்கான அளவு, ஹேண்டில்பாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். விவரத்தில் கிளாம்ப் (ஸ்டெம் கவ்வும் இடம்) விட்டம் போடவில்லையா, எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு காசைக் கட்டுங்கள். பொருள் கைக்கு வந்ததும் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துவிட்டுத்தான் ஸ்டெமில் வைக்க வேண்டும். நான் திருப்பி அனுப்பக் கேட்டபோது, பெயின்ட்டில் ஸ்டெம் பட்ட தடம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அந்தத் தடம் நகக்கீறல் அளவுதான். எவ்வளவு கோபப்பட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

பாரைத் திருப்ப முடியாது என்றானதும் அதற்கேற்ற 25.4 ஸ்டெம் ஒன்றை வாங்கினேன். அது டாப் லோடு வகை, அதாவது பாரை மேலே உட்கார வைத்து மேலிருந்து மூடுவது. என்னுடைய பழையது ஃப்ரன்ட் லோடு, முன்பக்கமாகக் கவ்வுவது. பார்வைக்கு மட்டும்தான் வித்தியாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொதுவாக டாப் லோடு ஸ்டெம் பாரை உயரத்தில் வைக்கும், ஃப்ரன்ட் லோடு தாழ்வாக வைக்கும். இப்போது உயரம் கூட்டிக் கொடுக்கும் ஃப்ரன்ட் லோடுகளும் வருவதால் ஸ்டெமின் ரைஸ் எண்ணையும் படித்தே ஆக வேண்டும். என் பழைய பார் 8.25 இன்ச். புதுப் பாரால் ஒரு இன்ச், ஸ்டெமால் இன்னும் கிட்டத்தட்ட ஒரு இன்ச் என்று கை ஒரேயடியாக இரண்டு இன்ச் மேலே போய்விட்டது. காகிதத்தில் இரண்டு இன்ச் ஒன்றுமில்லாதது மாதிரி தெரியும். சைக்கிளில் ஏறினால் அது வேறொருவர் வண்டி.

முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதுகு நிமிர்ந்தது, மேனுவலுக்கு முன்சக்கரம் தானாகவே எழுந்தது. அப்புறம் பிரச்சினைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. முன்பக்கம் இலேசாகிப்போனதால் வேகமான திருப்பத்தில் முன்சக்கரம் தரையைப் பிடிப்பதாகவே தெரியவில்லை. பன்னி ஹாப்பில் முன்பக்கம் எழும், ஆனால் பாரை முன்னால் தள்ளிப் பின்சக்கரத்தைத் தூக்கும் இரண்டாவது பாதியில் கை நீளம் போதாமல் நின்றது. பிரேக் கேபிளும் எட்டவில்லை. ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் கேபிள் விறைத்து, லீவரைத் தொடாமலே பின்பிரேக் பிடித்தது. உயரமான பார் போடுகிறவர்கள் நீளமான கேபிளுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும் என்பதை எந்த விற்பனைப் பக்கத்திலும் நான் பார்க்கவில்லை.

நான் உண்மையில் பயந்தது இதற்கெல்லாம் பிறகுதான். ஒரு சின்ன ரேம்ப்பிலிருந்து இறங்கியபோது ஹேண்டில்பார் ஸ்டெமுக்குள் பின்னோக்கிச் சுழன்று மடியை நோக்கி வந்துவிட்டது. கையில் பிடிமானம் இருக்கிறது, ஆனால் பிடித்த பொருளே நகர்கிறது. கீழே விழவில்லை, வயிற்றில் மட்டும் நன்றாக இடித்தது. அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். போல்ட்டுகளை இன்னும் பலமாக இறுக்கினேன், மறுபடியும் நகர்ந்தது. ஸ்டெமைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கிளாம்புக்குள் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. இறுக்கும்போது ஒரு பக்கத்து போல்ட்டுகளை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனதால் மேல்தகடு சாய்ந்து உட்கார்ந்து, பாரை ஒரு ஓரத்தில் மட்டும் கவ்வியிருந்தது.

பாரும் ஸ்டெமும் தொடும் இடத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், அங்கே கிரீஸே படக்கூடாது. கிரீஸ் போல்ட் மரைக்கு மட்டும், அதுவும் மெல்லிசாக. நான்கு போல்ட் என்றால் குறுக்கும் நெடுக்குமாகப் போங்கள்: இடது மேல், வலது கீழ், வலது மேல், இடது கீழ். ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் இறுக்க வேண்டும். தகட்டின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று நடுநடுவே கண்ணால் பாருங்கள். சில ஸ்டெம்களில் ஒரு பக்கத்தை முழுதாக மூடிவிட்டு மறுபக்கம் இறுக்குவதுதான் முறை, அப்படியானால் அதோடு வந்த தாளில் போட்டிருக்கும். எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்பதைப் பல ஸ்டெம்களில் அச்சிட்டிருப்பார்கள். விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் யாரிடமாவது இருந்தால் கடன் வாங்கியாவது பயன்படுத்துங்கள், மரை வழுக்கிவிட்டால் ஸ்டெமையே தூக்கிப்போட வேண்டியதுதான். முடித்தபின் முன்சக்கரத்துக்கு எதிரே நின்று, கிரிப் இரண்டையும் பிடித்து உடம்பின் எடையைக் கீழ்நோக்கி இறக்குங்கள். அசைந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கிளாம்ப் பகுதியில் சொரசொரப்பாகக் கோடு வெட்டிய பார்கள் வழுக்குவது குறைவு, வாங்கும்போது அதையும் கவனியுங்கள்.

வழுக்கல் நின்றது, மணிக்கட்டு வலி தொடங்கியது. சுண்டுவிரல் பக்கமாக ஒரு குடைச்சல், இரவில் கதவுக் கைப்பிடியைத் திருகினால்கூடச் சுருக்கென்றது. பார் அதிக உயரம் என்பதால் அதைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அப்படி வைத்தால் கைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. ஆனால் பாரின் நுனிகள் ஏற்கெனவே பின்னோக்கி வளைந்தவை, பேக்ஸ்வீப் என்பது அதுதான், பெரும்பாலும் 10 முதல் 12 டிகிரி இருக்கும். பாரைச் சாய்த்தால் அந்த நுனிகள் கீழ்நோக்கித் திரும்பிவிடும், மேல்நோக்கி வளைத்திருக்கும் கொஞ்சநஞ்ச அப்ஸ்வீப்பும் காணாமல் போய்விடும். மணிக்கட்டு நாள் முழுக்கக் கோணலாகவே சுமை தாங்கும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பாரின் கால்கள் ஃபோர்க்கின் கோட்டோடு ஒத்துப்போகும்படி வைத்து ஆரம்பியுங்கள். முன்னால் துளி சாய்ந்தாலும் பரவாயில்லை. அந்த நிலையில் பார் உங்களுக்கு எட்டவில்லை, அதைச் சாய்த்தால்தான் சரிப்படுகிறது என்றால், அந்த பார் உங்கள் உடம்புக்கும் சைக்கிளுக்கும் ஒத்துவராதது என்று பொருள்.

எனக்கு வெளிச்சம் கிடைத்தது அந்த வளைந்த பழைய பாரிலிருந்துதான். தூக்கிப்போடாமல் மூலையில் வைத்திருந்தேன். வளையாத வலது பக்கத்தை அளந்தேன். பாரைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, தரையிலிருந்து நுனியின் அடிப்பகுதி வரை டேப் பிடித்தால் ரைஸ் கிடைத்துவிடும். 22.2 பாரில் கிளாம்பும் நுனியும் ஒரே தடிமன் என்பதால் கணக்கு நேராக வரும். அப்ஸ்வீப் காரணமாக வளைவில் ஒரு எண்ணும் நுனியில் ஒரு எண்ணும் வரும், எந்த பாரை அளந்தாலும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். இதைவிட முக்கியமானது இன்னொன்று. பிஎம்எக்ஸில் நாம் உட்கார்ந்து ஓட்டுவது அபூர்வம், கால் எப்போதும் பெடலில்தான். ஆகவே உடம்புக்குத் தெரியும் அளவு பெடல்கள் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து கிரிப்பின் நடு வரை உள்ள தூரம். ரைஸ், ஸ்டெம் உயரம், ஸ்டெமின் நீளம், ஃபோர்க் குழாயில் அடுக்கிய ஸ்பேசர் வளையங்கள், ஃப்ரேமின் நீளம் எல்லாம் கூடி இந்த ஒரு எண்ணில் வந்து சேர்ந்துவிடும். பழைய அமைப்பில் அளந்து எழுதினேன், புதிதில் அளந்து எழுதினேன். நான் எவ்வளவு தூரம் தாண்டிப்போயிருந்தேன் என்பது தாளில் தெரிந்தது.

இதைத்தான் யாராவது முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் ஆதங்கப்படுகிறேன். உங்கள் உயரத்துக்கு இத்தனை இன்ச் ரைஸ் என்று பட்டியல்கள் கிடைக்கும். குள்ளமானவருக்கு 8.5 பக்கம், நடுத்தர உயரத்துக்கு 9 பக்கம், 180 சென்டிமீட்டரைத் தாண்டியவருக்கு அதற்கு மேல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கை நீளம் ஒன்றாக இருக்காது, ஃப்ரேமும் ஒன்றாக இருக்காது. இப்போது ஓட்டும் பாரின் எண் கையில் இருந்தால், அதிலிருந்து கால் இன்ச், அரை இன்ச் என்று நகரலாம். ஸ்டெமையும் பாரையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது. ஸ்பேசரை மேலும் கீழும் மாற்றிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை, முதலில் அதைச் செய்து எத்தனை மில்லிமீட்டர் உயரம் தேவை என்று கண்டுபிடியுங்கள். ஃபோர்க் குழாயின் நீளத்துக்கு மேல் ஸ்டெமைத் தூக்கிவிடக்கூடாது, ஸ்டெமின் கவ்வும் பகுதி முழுக்கக் குழாயைப் பிடித்திருக்க வேண்டும்.

பெரிய பாரையும் டாப் லோடு ஸ்டெமையும் பாதிக்கும் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். பழைய 22.2 ஃப்ரன்ட் லோடு ஸ்டெமுக்கே திரும்பி, 8.75 இன்ச் ரைஸில் குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) பார் ஒன்று வாங்கினேன். பழையதைவிட அரை இன்ச்தான் அதிகம். முதுகுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மணிக்கட்டு வலி மெல்ல மெல்லக் குறைந்து ஒரு கட்டத்தில் மறந்தே போனது. பன்னி ஹாப் திரும்பி வந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அகலம் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பார்கள் 28 முதல் 30 இன்ச் அகலத்தில் வருகின்றன, அகலமாக வாங்கி உங்களுக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். அகலம் கூடினால் பிடிமானம் கூடும், குறைந்தால் பார்ஸ்பின் (பாரை முழுச்சுற்றாகச் சுழற்றும் வித்தை) சுற்றுவது வேகமாகும். வெட்டுவதற்கு முன் கிரிப்பையும் லீவரையும் உள்பக்கமாகத் தள்ளி, சமதரையில் மட்டும் சில நாள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வாயைக் கட்டாயம் அடைத்திருக்க வேண்டும். வெட்டினால் இரண்டு பக்கமும் சமமாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக. பைப் கட்டரில் வெட்டினால் விளிம்பு தடித்து, கிரிப் ஏறாமல் முரண்டு பிடிக்கும், அரத்தால் வெளியேயும் உள்ளேயும் ராவிவிடுங்கள். அந்தப் பிசிறு கிரிப்பை உள்ளிருந்தே கிழித்துவிடும், என் ஒரு ஜோடி அப்படித்தான் போனது.

உலோகம் விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, தெருவிலோ ஸ்கேட் பார்க்கிலோ குதித்து ஓட்டுகிறவர்கள் 4130 குரோமோலி வாங்குங்கள். அது ஹை-டென்னைவிட உறுதியானது என்பதால் குழாயை மெல்லிசாகச் செய்ய முடிகிறது, எடை குறைவது அதனால்தான். தயாரித்தபின் வெப்பச் செயல்முறைக்கு உட்படுத்திய பார் இன்னும் தாங்கும். அலுமினியம் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் ரேஸும், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வித்தைகள் செய்யும் ஃப்ரீஸ்டைலும் நுழைந்தன. இரண்டும் 20 இன்ச் சக்கரம்தான், ஆனால் கைப்பிடிக்கு வரும் அடி வேறு வேறு. இரண்டு துண்டு, நான்கு துண்டு என்று வகை பிரித்திருப்பார்கள், ஒரே குழாயை வளைத்துக் குறுக்குக் குழாயை வெல்டு செய்தது முதலாவது, கீழ்ப்பகுதியும் இரண்டு கால்களும் தனித்தனியாக வெல்டு செய்தது இரண்டாவது. ஓட்டுவதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, தோற்றம் பிடித்ததை வாங்கலாம்.

பார் எண்ட் (குழாய் வாயை அடைக்கும் மூடி) இல்லாமல் ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். மூடாத குழாய் வாய் விழும்போது உடம்பைத் துளைக்கும், கிரிப்பின் ரப்பர் கிழிந்து உலோக விளிம்பு தெரிய ஆரம்பித்தாலும் அதே ஆபத்து. மாதம் ஒருமுறை குறுக்குக் குழாயின் வெல்டு, கால்களின் வளைவு, ஸ்டெமின் ஓரத்தையொட்டிய இடம் மூன்றையும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி மாதிரி ஒரு துருக்கோடு தெரிந்தாலோ, நகத்தால் வருடும்போது நகம் தட்டினாலோ, பாரை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்; யாருக்கும் விற்கவும் வேண்டாம், நடுவில் அறுத்து இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.